ஓட்டுநர் இல்லாத காரும் ஓட்டுநர் உள்ள பேருந்தும்

துபாயிலும் அபுதாபியிலும் இருக்கும் நம் பிள்ளைகள் அனுப்பும் காணொளிகளை இப்போது வீட்டுப் பெரியவர்கள் எல்லோரும் பார்த்துவிட்டார்கள். ஸ்டீயரிங் தானாகத் திரும்புகிறது. முன் இருக்கையில் ஆள் இல்லை. சிவப்பு விளக்கைக் கண்டதும் வண்டி நிற்கிறது. "சுப்ஹானல்லாஹ்" என்று சொல்லிவிட்டு அடுத்தவருக்கு அனுப்பி விடுகிறோம். பிறகு ஜுமுஆ முடிந்து பள்ளிவாசல் வாசலில் நிற்கும்போது கேள்விகள் வருகின்றன. இது நம் ஊருக்கும் வருமா? வந்தால் நல்லதா? விபத்து நடந்தால் யார் பொறுப்பு? டிரைவர் விசாவில் மகனை அனுப்பலாமா, வேண்டாமா?

கடைசிக் கேள்வியைக் கேட்பவர்கள் சிரித்துக்கொண்டு கேட்பதில்லை. ஆகவே இதைக் கொஞ்சம் விரிவாகப் பார்ப்போம்.

முதலில் ஒரு செய்தி. ஓட்டுநர் இல்லாத வாகனம் செங்கல்பட்டு மாவட்டத்துக்கு வரத்தான் போகிறது. ஆனால் வரப்போவது ரயில். சென்னை மெட்ரோவின் இரண்டாம் கட்டத்தில் மாதவரத்திலிருந்து பழைய மாமல்லபுரம் சாலை வழியாகச் சிறுசேரி சிப்காட் வரை பாதை கட்டப்பட்டு வருகிறது. நாவலூரும் சிறுசேரியும் நம் மாவட்டம்தான். இந்த இரண்டாம் கட்டத்துக்காக ஸ்ரீசிட்டியில் உள்ள அல்ஸ்டாம் தொழிற்சாலையில் செய்யப்பட்ட மூன்று பெட்டி ரயில்கள் ஓட்டுநர் இல்லாமல் இயங்கும் வகையைச் சேர்ந்தவை. 2024 அக்டோபரில் பூந்தமல்லி பணிமனையில் அவற்றின் சோதனை ஓட்டம் தொடங்கியது. இது உலகத்துக்குப் புதிதல்ல. துபாய் மெட்ரோ 2009 செப்டம்பர் 9 முதல் ஓட்டுநர் இல்லாமல்தான் ஓடுகிறது. டெல்லி மெட்ரோவின் மெஜந்தா பாதையில் 2020 டிசம்பர் 28 அன்று இந்தியாவின் முதல் ஓட்டுநர் இல்லா ரயில் தொடங்கி வைக்கப்பட்டது. துபாயில் பத்து வருடம் வேலை பார்த்துத் திரும்பியவர்களில் பலருக்கு, தாங்கள் தினமும் ஏறி இறங்கிய ரயிலில் டிரைவர் இல்லை என்பதே நினைவில் நிற்பதில்லை. அவ்வளவு சாதாரணமாகிவிட்டது.

ரயிலில் எளிதாக நடந்தது காரில் ஏன் இவ்வளவு கஷ்டப்படுகிறது? ரயில் போகும் பாதை ஒன்றே. தண்டவாளம் அதைத் திருப்புகிறது. நடைமேடையில் கண்ணாடிக் கதவு இருக்கிறது. குழந்தை தவறி விழாது. முன்னால் போகும் ரயில் எங்கே இருக்கிறது என்று கட்டுப்பாட்டு அறைக்கு நொடிக்கு நொடி தெரியும். குறுக்கே மாடு வராது. ஆகவே கணினி செய்ய வேண்டியது வேகத்தைக் கூட்டுவதும் குறைப்பதும், கதவைத் திறப்பதும் மூடுவதும்தான்.

கார் அப்படியல்ல. அதன் கூரையிலும் பக்கங்களிலும் கேமராக்கள், ரேடார், லைடார் ஆகியவை பொருத்தப்படுகின்றன. லைடார் என்பது லேசர் ஒளித் துடிப்புகளை எல்லாத் திசையிலும் வீசி, அவை மோதித் திரும்ப எடுத்துக்கொள்ளும் நேரத்தைக் கொண்டு தூரத்தை அளக்கும் கருவி. பார்ப்பது முதல் வேலை. பார்த்தது என்ன என்று அறிவது இரண்டாவது வேலை. அது அடுத்த நொடியில் என்ன செய்யும் என்று ஊகிப்பதுதான் மூன்றாவது வேலை, எல்லாவற்றிலும் கடினமானது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு ஞாயிறு மாலை நின்று பாருங்கள். எதிர்த்திசையில் வரும் ஆட்டோ, தடுப்பின் இடைவெளியில் திடீரென்று திரும்பும் மோட்டார் சைக்கிள், வலை மூட்டையைத் தலையில் வைத்துச் சாலையைக் கடக்கும் மீனவப் பெண், செல்ஃபி எடுத்துக்கொண்டே பின்னோக்கி நடக்கும் சுற்றுலாப் பயணி. நம் ஊர் டிரைவர் இவர்களின் கண்ணைப் பார்த்தே முடிவு செய்கிறார். ஐப்பசி, கார்த்திகை மழையில் சாலைக் கோடே தெரியாது, அப்போதும் ஓட்டுகிறார். இந்தத் திறமைக்கு நாம் கொடுக்கும் மரியாதை குறைவு என்பது என் கருத்து.

நம் ஊரில் இந்தத் தொழில்நுட்பம் இல்லவே இல்லை என்றும் சொல்ல முடியாது. செங்கல்பட்டுக்கு அருகே மகிந்திரா வேர்ல்டு சிட்டியில் உள்ள மகிந்திராவின் ஆய்வு மையத்தில் உருவாக்கப்பட்ட எக்ஸ்.யு.வி. 700 கார் 2021 ஆகஸ்டில் வெளியானது. முன்னால் போகும் வண்டியின் வேகத்துக்கு ஏற்ப ஓடுவது, கோட்டை விட்டு விலகினால் ஸ்டீயரிங்கைத் திருத்துவது, மோதப் போகிறது என்றால் தானே பிரேக் போடுவது ஆகிய வசதிகள் அதில் வந்தன. இன்று வேறு பல கார்களிலும் அவை உள்ளன. ஆனால் இவை ஓட்டுநருக்கு உதவிதான். உலக அளவில் இத்தகைய வண்டிகளைப் பூஜ்யம் முதல் ஐந்து வரை ஆறு நிலைகளாகப் பிரிக்கிறார்கள். ஐந்தாவது நிலையில்தான் மனிதர் தேவையே இல்லை. நம் சாலைகளில் ஓடுபவை இரண்டாம் நிலையில் இருப்பவை. அதில் கண் சாலையில் இருக்க வேண்டும், கை ஸ்டீயரிங்கில் இருக்க வேண்டும். சில இளைஞர்கள் காலைத் தூக்கி மேலே வைத்துக்கொண்டு வண்டி ஓடுவதைப் படம் பிடித்துப் போட்டார்கள். உயிர் அல்லாஹ் தந்த அமானிதம் என்பதை மறந்த செயல் அது. அடுத்தவர் உயிரும் அப்படியே.

கவனம் தவறினால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவில் நடந்த ஒரு சம்பவம் பாடமாக இருக்கிறது. 2018 மார்ச் 18 இரவு, அரிசோனா மாநிலத்தின் டெம்பி நகரில், 49 வயதுப் பெண் ஒருவர் தன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு சாலையைக் கடந்தார். சோதனையில் இருந்த ஊபர் நிறுவனத்தின் தானியங்கி கார் அவர் மீது மோதியது. அவர் இறந்தார். விசாரணையில் தெரியவந்தது கவனிக்கத் தக்கது. மோதுவதற்கு ஐந்து நொடிகளுக்கு மேல் இருக்கும்போதே கருவி அவரைப் பார்த்துவிட்டது. ஆனால் அவர் யார் என்று முடிவு செய்ய அதனால் இயலவில்லை. வாகனம் என்றது, பிறகு ஏதோ பொருள் என்றது, பிறகு சைக்கிள் என்றது. ஒவ்வொரு முறை பெயரை மாற்றியபோதும் அதுவரை கணித்ததை மறந்து புதிதாகத் தொடங்கியது. கடக்கக் குறியிடப்படாத இடத்தில் ஒரு மனிதர் சாலையைக் கடப்பார் என்பதே அதற்குச் சொல்லித் தரப்படவில்லை. நம் சாலைகளில் மனிதர்கள் வேறு எந்த இடத்தில் கடக்கிறார்கள்?

காருக்குள் கண்காணிக்க ஒருவர் அமர்த்தப்பட்டிருந்தார். அவர் கைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார். 2023இல் அவர் குற்றத்தை ஒப்புக்கொண்டார்; மூன்றாண்டு நன்னடத்தைக் கண்காணிப்பு விதிக்கப்பட்டது. நிறுவனத்தின் மீது குற்ற வழக்கு தொடரப்படவில்லை.

இதைப் படித்ததும் எனக்கு மதரஸாவில் ஓதிய ஃபிக்ஹு கிதாபுகளின் ஒரு பாடம்தான் நினைவுக்கு வந்தது. கார் இல்லாத காலத்தில் வாகனம் என்பது ஒட்டகமும் குதிரையும் கோவேறு கழுதையும். அவற்றுக்குச் சொந்த அறிவு உண்டு, சொந்த விருப்பம் உண்டு. ஒரு வகையில் அவைதான் முதல் தானியங்கி வாகனங்கள். ஆகவே நம் இமாம்கள் இந்தச் சட்டத்தை மிக நுணுக்கமாகப் பேசியிருக்கிறார்கள். யாருடைய பிடியிலும் இல்லாமல் ஓடிய வாயில்லாப் பிராணி செய்த சேதத்துக்கு ஈடு இல்லை என்ற கருத்தில் புகாரியிலும் முஸ்லிமிலும் ஹதீஸ் இருக்கிறது. ஆனால் ஒருவர் ஏறிச் செல்லும்போது அது மிதித்துச் சேதப்படுத்தினால் அவர் பொறுப்பு. ஹனஃபி மத்ஹபில், போகிற போக்கில் பின்னங்காலால் உதைத்ததற்கும் வாலால் அடித்ததற்கும் ஏறியிருப்பவர் பொறுப்பாக மாட்டார். அதை அவரால் தடுக்க முடியாது என்பது காரணம். ஷாஃபிஈ மத்ஹபில், பிராணியோடு இருப்பவர் அது எந்த உறுப்பால் செய்த சேதத்துக்கும் பொறுப்பு. பராஃ (ரலி) அவர்களின் ஒட்டகம் ஒருவருடைய தோட்டத்தில் புகுந்து நாசம் செய்தபோது, பகலில் தோட்டத்தைக் காப்பது தோட்டக்காரர் கடமை, இரவில் பிராணியைக் கட்டி வைப்பது அதன் உரிமையாளர் கடமை என்று நபி (ஸல்) அவர்கள் தீர்ப்பளித்ததாக அபூதாவூதில் வருகிறது.

இந்தச் சட்டங்கள் எல்லாம் கேட்பது இரண்டு கேள்விகள்தான்: தடுக்கக் கூடியவர் யார்? லாபம் யாருக்குப் போகிறது? லாபம் யாருக்கோ பொறுப்பும் அவருக்கே என்பது ஹதீஸிலிருந்து எடுக்கப்பட்ட ஃபிக்ஹு விதி. வாயில்லாப் பிராணியை யாரும் தயாரித்து விற்கவில்லை. அதை அல்லாஹ் படைத்தான். ஆனால் காரின் மென்பொருளை ஒரு நிறுவனம் எழுதி, காசு வாங்கி விற்கிறது. பின் இருக்கையில் உட்கார்ந்திருக்கும் பயணியால் எதையும் தடுக்க முடியாது. ஆகவே பொறுப்பு செய்தவரையும் இயக்குபவரையும் சேர வேண்டும் என்பதே எனக்கு நெருக்கமாகத் தோன்றுகிறது. இது ஃபத்வா அல்ல. பெரிய உலமாக்கள் கூடிப் பேச வேண்டிய விஷயம். ஆனால் கூலிக்கு உட்கார்ந்திருந்த ஒருவர் தலையில் மட்டும் எல்லாவற்றையும் கட்டிவிட்டு மற்றவர்கள் நகர்ந்துவிடுவது நீதியாகாது என்று சொல்ல ஃபத்வா தேவையில்லை.

மறுபக்கத்தையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். 2024 நவம்பர் 27 அன்று மாமல்லபுரம் அருகே பண்டிதமேட்டில், சாலையோரம் உட்கார்ந்து மாடு மேய்த்துக்கொண்டிருந்த ஐந்து பெண்கள் மீது வேகமாக வந்த கார் மோதியது. ஐந்து பேரும் இறந்துபோனார்கள். அந்தக் காரை ஓட்டியது மனிதர்தான். இயந்திரம் தூங்காது, குடிக்காது, பந்தயம் வைக்காது, கோபப்படாது. மத்திய அரசின் கணக்குப்படி 2022இல் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்தார்கள். அவர்களில் 17,884 பேர் தமிழ்நாட்டில் இறந்தவர்கள். ஆகவே தானே பிரேக் போடும் கருவி நம் கார்களிலும் லாரிகளிலும் வருவதை வரவேற்கத்தான் வேண்டும். விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரம் இலவச சிகிச்சை தரும் 'இன்னுயிர் காப்போம்' திட்டம் 2021 டிசம்பரில் நம் மாவட்டத்து மேல்மருவத்தூரில்தான் தொடங்கப்பட்டது. அதை அறியாமல் பணத்துக்கு அலைந்தவர்கள் நம்மிலும் உண்டு, தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் அதே 2022 கணக்கில், நாடு முழுவதும் இறந்தவர்களில் நூற்றுக்கு 44 பேருக்கு மேல் இருசக்கர வாகனத்தில் போனவர்கள், 19 பேருக்கு மேல் நடந்து போனவர்கள். காருக்குள் இருந்தவர்கள் இவர்களில் சேரவில்லை. காரை எவ்வளவு புத்திசாலியாக்கினாலும் இவர்களுக்கு நடக்க ஓரமும், ஏற ஒரு பேருந்தும் இல்லையென்றால் அவர்கள் அதே இடத்தில்தான் நிற்பார்கள்.

இடத்தின் கணக்கும் இருக்கிறது. இதை ஹஜ்ஜுக்குப் போய் வந்தவர்களுக்கு விளக்கவே வேண்டியதில்லை. அரஃபாவிலிருந்து முஸ்தலிபாவுக்குப் பேருந்தில் ஏறி, நகராத வரிசையில் பல மணி நேரம் உட்கார்ந்திருந்த கதையைப் பழைய ஹாஜிகள் சொல்வார்கள். 2010 ஹஜ்ஜில் மஷாஇர் ரயில் ஓடத் தொடங்கியது. மினா, முஸ்தலிபா, அரஃபா மூன்றிலும் மும்மூன்று நிலையங்கள். வருடத்தில் சில நாட்கள்தான் ஓடும். ஒரு மணி நேரத்தில் 72,000 பேரை ஒரு திசையில் கொண்டு செல்லும் வகையில் அது அமைக்கப்பட்டது. அந்த 72,000 பேரைக் காருக்கு நான்கு பேராக ஏற்றினால் 18,000 கார்கள் வேண்டும். ஒரு காருக்கு முன் இடைவெளியோடு சேர்த்து ஏழு மீட்டர் என்று வைத்தாலும் அந்த வரிசையின் நீளம் 126 கிலோமீட்டர். சென்னையிலிருந்து செங்கல்பட்டு போய்த் திரும்பி வருவதை விட அதிகம். அந்தக் கார்களில் ஓட்டுநர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் நீளம் மாறாது.

இன்னும் ஒரு சங்கடம். ஓட்டுநர் இல்லாத கார் நம்மை இறக்கிவிட்டு, நிறுத்த இடம் தேடிக் காலியாகவே சுற்றிக்கொண்டிருக்கும். ஜுமுஆ நேரத்தில் பள்ளிவாசல் தெருவில் இப்போதே நாம் கார்களை நிறுத்தி, பக்கத்து வீட்டாரும் ஆம்புலன்சும் போக முடியாதபடி செய்கிறோம். பாதையில் உட்காருபவர் பாதைக்குரிய உரிமையைக் கொடுக்க வேண்டும் என்று நபி (ஸல்) அவர்கள் சொன்னபோது, அதில் முதன்மையான ஒன்று பிறருக்குத் தொல்லை தராமல் இருப்பது. பாதையில் உட்காருவதற்கே இப்படி என்றால், இரண்டு டன் இரும்பை நிறுத்திவிட்டுத் தொழப் போவதற்கு?

கார் வாங்குவதை ஹராம் என்று நான் சொல்லவில்லை. வயதான தாயைத் தூக்கி ஏற்ற வேண்டிய வீட்டுக்கு அது தேவை. ஆனால் வட்டிக் கடனில் கார் வாங்கி, மாதத் தவணை கட்ட முடியாமல் திணறும் குடும்பங்களை நம் மஹல்லாக்களில் பார்க்கிறோம். "பொம்பளைங்களோட பஸ்ஸுல எப்படி ஹஜ்ரத் போறது?" என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான், நெரிசலில் கண்ணியம் காப்பது சிரமம். ஆனால் பதில் வட்டியில் இல்லை. மின்சார ரயிலில் பெண்களுக்குத் தனிப் பெட்டி இருக்கிறது. 2021 மே மாதம் முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை. நம் வீட்டுப் பெண்கள் கல்லூரிக்கும், மருத்துவமனைக்கும், தாய் வீட்டுக்கும் யாரிடமும் காசு கேட்காமல் போய் வருகிறார்கள். பேருந்துகளின் எண்ணிக்கையைக் கூட்டுங்கள் என்று கேட்பதுதான் நெரிசலுக்கு மருந்து.

கேட்க வேண்டியது நிறைய உண்டு. கிளாம்பாக்கம் பேருந்து முனையம் 2023 டிசம்பர் 30 அன்று திறக்கப்பட்டது. பக்கத்திலேயே செங்கல்பட்டு மின்சார ரயில் பாதை போகிறது. ஆனால் அன்று அங்கே ரயில் நிலையம் இல்லை. பெட்டியும் கைக்குழந்தையுமாக வந்தவர்கள் அடுத்த நிலையத்தைத் தேடிப் போனார்கள். மாமல்லபுரத்துக்கு ரயிலே கிடையாது. கடற்கரையோரமாகப் புதுச்சேரி வழியாகக் கடலூர் வரை ரயில் பாதை என்ற பேச்சு நீண்ட காலமாக ரயில்வே பட்ஜெட்டுகளில் வந்து போகிறது.

இனி சைக்கிள். அதை ஏழையின் வண்டி என்று ஒதுக்கிவிட்டோம். மக்தபுக்குப் போகும் பிள்ளையைக் கூட ஸ்கூட்டரில் கொண்டுபோய் விடுகிறோம். 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கத்தோடு சேர்த்துப் பெண்களுக்குச் சைக்கிள் கற்றுக் கொடுத்தார்கள். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கிராமத்துப் பெண்கள் கற்றுக்கொண்டதாகப் பத்திரிகையாளர் பி. சாய்நாத் பதிவு செய்திருக்கிறார். அவர்களில் முஸ்லிம் பெண்களும் இருந்தார்கள். பேருந்துக்குக் காத்திருக்கும் நேரம் மிச்சமானது; தண்ணீர் எடுப்பதும் சந்தைக்குப் போவதும் தங்கள் கையில் வந்தது. இன்று அரசு பதினொன்றாம் வகுப்பில் சைக்கிள் தருகிறது. அது எத்தனை வீடுகளில் மாடிப்படிக்கு அடியில் துருப்பிடிக்கிறது என்று நமக்கே தெரியும்.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் பிள்ளையைச் சைக்கிளில் அனுப்புங்கள் என்று சொல்ல எனக்கும் துணிவில்லை. அங்கே சைக்கிளுக்கு என்று தடுப்போடு கூடிய தனிப் பாதை வேண்டும். ஆனால் திருக்கழுக்குன்றத்துக்குள்ளே, மாமல்லபுரத்துக்குள்ளே, செங்கல்பட்டுத் தெருக்களில் இரண்டு மூன்று கிலோமீட்டருக்குச் சைக்கிள் போதும். ஃபஜ்ருக்குச் சைக்கிளில் வரும் பெரியவர்களுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருப்பதையும் பார்க்கிறேன்.

டிரைவர் விசா கேள்விக்கு வருகிறேன். மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சர் நிதின் கட்கரி, ஓட்டுநர் இல்லாத கார்களை இந்தியாவில் அனுமதிக்க மாட்டேன், ஓட்டுநர்களின் வேலை போய்விடும் என்று 2017இலும், மீண்டும் 2023 டிசம்பரிலும் சொன்னார். வளைகுடாவில் அப்படியல்ல. 2030க்குள் பயணங்களில் நூற்றுக்கு 25 தானியங்கி வாகனங்களில் நடக்க வேண்டும் என்று துபாய் 2016இலேயே இலக்கு வைத்தது. 2024 டிசம்பரில் அபுதாபியில் ஊபர் செயலி வழியாகத் தானியங்கி டாக்சி தொடங்கியது. ஆரம்பத்தில் பாதுகாப்புக்கு ஓர் ஆள் உட்கார்ந்திருந்தார். சவூதியில் 2018 ஜூனில் பெண்கள் ஓட்ட அனுமதி வந்தபோதே ஹவுஸ் டிரைவர்களுக்குக் கவலை தொடங்கிவிட்டது.

இன்று போகிறவரை நான் தடுக்க மாட்டேன். ரிஸ்க் அல்லாஹ்வின் கையில். ஆனால் இருபது வயதுப் பையனுக்கு இது மட்டுமே வாழ்நாள் தொழில் என்று நினைத்து, நகையை அடகு வைத்து விசா வாங்காதீர்கள். முதலில் குறையப் போவது டாக்சி வேலையாகத்தான் இருக்கும். கனரக வாகனம், பேருந்து, பழுது பார்க்கும் வேலை ஆகியவை அவ்வளவு சீக்கிரம் போகாது என்பது என் கணிப்பு. மின்சார வாகனம் பழுது பார்க்க ஐ.டி.ஐ.யில் படிக்க வைக்கலாம்.

மஹல்லா நிர்வாகிகளிடம் சொல்ல இரண்டு விஷயங்கள் உண்டு. பள்ளிவாசலில் பைக் நிறுத்தும் இடத்தில் ஒரு பகுதியைச் சைக்கிளுக்கென்று கூரையோடு ஒதுக்குங்கள், செலவு அதிகமில்லை. அடுத்தது, சிறுசேரிக்கு மெட்ரோ வரும்போது அங்கிருந்து கேளம்பாக்கம், கோவளம், திருப்போரூர், மாமல்லபுரத்துக்கு எத்தனை நிமிடத்துக்கு ஒரு பேருந்து, கடைசிப் பேருந்து இஷாவுக்குப் பிறகு உண்டா என்று இப்போதே ஆட்சியர் அலுவலகத்துக்கும் போக்குவரத்துக் கழகத்துக்கும் மனு கொடுங்கள். அதில் மாற்றுமதச் சகோதரர்களின் கையெழுத்தும் இருக்கட்டும். அவர்களும் அதே நிறுத்தத்தில்தான் நிற்கிறார்கள்.